பேஸ்மேக்கர் வைத்தவர் வயலுக்குப் போகுமுன்...

குறுவை அறுப்பு நெருங்கினால் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெரியவரைக் கட்டிலில் பிடித்துவைப்பது கஷ்டம்தான். ஆனாலும் நாலு முதல் ஆறு வாரம், கருவி வைத்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் போகக் கூடாது. இதயத்துக்குள் போகும் ஒயர் நகர்ந்துவிடலாம். நெல் மூட்டை, மண்வெட்டி வேண்டாம். அதற்காகக் கையை அசைக்காமலே இருந்தால் தோள் இறுகிவிடும். வேட்டி கட்ட, பொத்தான் போட அந்தக் கையும் சேரட்டும். புண் ஆறும்வரை வாய்க்கால் குளியல் கிடையாது. சிவந்து வீங்கினாலோ, சீழ் கசிந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

பெரும்பாலும் கருவி இடப்பக்கம். நம் சட்டைப் பையும் அங்கேதான். செல்போனை 15 செ.மீ. தள்ளியே வையுங்கள், வலக்காதில் பேசுங்கள். டிராக்டர் பட்டறையில் வெல்டிங் நடந்தால் விலகி நில்லுங்கள். கருவியின் அடையாள அட்டை எப்போதும் கையில் இருக்கட்டும்.

சொல்லச் சங்கடம்தான், ஆனாலும் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டும்: தகனத்துக்கு முன் கருவியை எடுத்துவிட வேண்டும், தீயில் வெடிக்கும்.