ஃபுளோரன்சின் பத்து மழலைகள்

ஃபுளோரன்ஸ் நகரின் சந்தீசிமா அனுன்சியாத்தா சதுக்கத்துக்குச் செல்லும் வாசகர், நடுவிலுள்ள குதிரைவீரன் சிலையைக் கடந்து, ஓஸ்பெடாலே தெல்யி இன்னொசெந்தி என்னும் இல்லத்தின் தூண் மண்டபத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஏரோது மன்னன் கொல்வித்த மாசில்லாக் குழந்தைகளின் பெயரைத் தாங்கிய இவ்வில்லம், கைவிடப்பட்ட சிசுக்களை வளர்ப்பதற்காகப் பட்டு வணிகர் சங்கத்தின் பொருளுதவியுடன் புரூனெல்லெஸ்கியின் வடிவமைப்பில் 1419இல் தொடங்கப்பட்டு, 1445இல் முதல் குழந்தையை ஏற்றது.

வளைவுகளுக்கு இடையே புரூனெல்லெஸ்கி வெறுமையாக விட்ட வட்டங்களை, 1487இல் அந்திரேயா தெல்லா ரொப்பியா சுடுமண் குழந்தைகளால் நிரப்பினார். சுட்ட களிமண்ணின் மேல் வெள்ளீயம் கலந்த கண்ணாடிப் பூச்சைத் தடவி மீண்டும் சூளையிலிடும் முறையை, அவருடைய சிற்றப்பாவான லூக்கா சிற்பக்கலைக்குக் கொண்டுவந்திருந்தார். மழையும் வெயிலும் அந்தப் பால்வெண்மையை இன்றும் மங்கச் செய்யவில்லை. நீலப் பின்னணியில் துணிப்பட்டையால் சுற்றப்பட்டு நிற்கும் பத்துக் குழந்தைகளும் உள்ளங்கைகளை விரித்து, தூக்கிக்கொள்ளும்படி கேட்பவர்களைப் போலத் தோன்றினாலும், ஒன்றின் முகம் மற்றொன்றுக்கு இல்லை; சிலவற்றில் பட்டை அவிழ்ந்து சரிவதைக் காணும்போது, கட்டை உதறிக்கொண்டு உயிர் வெளிவருவது போலிருக்கிறது. இந்நகரில் இதற்கு ஈடான காட்சி வேறில்லை. இரு கோடிகளிலும் உள்ள மற்ற வட்டங்கள் 19ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை; அவற்றில் நேரம் செலவிட வேண்டியதில்லை. மண்டபத்துக்குள் நின்றால் எதுவும் தெரியாது என்பதால், படிகளுக்குக் கீழே சதுக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. சிறு தொலைநோக்கி இருந்தால் இன்னும் நல்லது.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம். முகப்பைக் காணக் கட்டணமில்லை, உள்ளேயுள்ள அருங்காட்சியகத்துக்கு உண்டு. அங்கே, என்றேனும் அடையாளம் கண்டு மீட்கலாம் என்ற நம்பிக்கையில் பெற்றோர் குழந்தையோடு விட்டுச்சென்ற பாதி நாணயங்களும் பதக்கத் துண்டுகளும் சிறுசிறு இழுப்பறைகளில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பார்த்த பிறகு மீண்டும் வெளியே வந்து அந்த விரிந்த கைகளைப் பார்க்காமல் செல்லக் கூடாது.

இந்நகரின் புகழ்பெற்ற தாவீது சிலையையும் காண விரும்பினால், அதற்கான வரிசையில் மட்டும் எச்சரிக்கை தேவை. வரிசையைத் தவிர்க்கலாம் என்று ஆசைகாட்டி இருமடங்கு விலைக்குச் சீட்டு விற்கும் தரகரை நம்பி, வெயிலில் நெடுநேரம் நின்ற பின் வாசலில் அது செல்லாதென்று திருப்பியனுப்பப்படும் பயணிக்கு, பணத்தோடு அந்த நாளே பறிபோகிறது. இது பொறுக்கத்தகாத கொடுமை. அந்த நேரத்தில் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்துக்குச் சென்றால், அதே அந்திரேயா வடித்த சிறுவனின் மார்பளவுச் சுடுமண் சிற்பத்தைக் கண்ணெதிரே, கழுத்து வலிக்காமல் காணலாம்.