போர் கார்டில் யாருடைய கையெழுத்து?

கேள்வி: பி.இ. சிவில் முடித்துவிட்டு ஏழு மாதமாக ஓர் அடுக்குமாடி வேலையில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். மேஸ்திரிகள் என் பேச்சைக் கேட்பதில்லை. எனக்குப் பிறகு சேர்ந்த பையனிடம் போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள். மேனேஜர் நல்ல மனிதர். "வெயில்ல ஏம்மா கஷ்டப்படுற, ஆபீஸ்ல உக்காந்து பில்லிங் பாரு" என்கிறார். போய்விடலாமா?

பதில்: போகாதீர்கள். இன்னும் இரண்டு வருடத்துக்காவது வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தவர் மேஸ்திரி இல்லை, அந்த நல்ல மனிதர்தான். முரட்டுப் பேச்சுக்குப் பயந்து சைட்டை விட்ட பெண்களை நான் சிலரைத்தான் பார்த்திருக்கிறேன். கரிசனத்தால் மேசைக்குப் போனவர்கள் நிறையப் பேர். வெயில் வேண்டாம், சாரத்தில் ஏற வேண்டாம், ராத்திரி கான்கிரீட் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். ஐந்து வருடம் கழித்து புராஜெக்ட்டைப் பொறுப்பாக யாரிடம் கொடுப்பது என்ற பேச்சு வரும். அப்போது அதே நல்லவர், "அந்தப் பொண்ணுக்கு சைட் அனுபவம் இல்லையே" என்பார். அவர் சொல்வது பொய்யாகவும் இருக்காது.

பில்லிங்கைக் குறைத்துச் சொல்லவில்லை. கான்ட்ராக்டரின் பணம் அங்கேதான் நிற்கிறது, அது தெரியாத இன்ஜினியரை எல்லோரும் ஏமாற்றுவார்கள். ஆனால் டேப் பிடித்து அளந்தவருக்குத்தான் பில்லில் எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். மேனேஜரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மாசக் கடைசியில அஞ்சு நாள் பில்லிங் கத்துக்கிறேன் சார், மத்த நாள் சைட்லயே இருக்கேன்."

கூடவே இன்னொன்றும் கேளுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் கம்பி, சென்ட்ரிங், கவர் பிளாக் எல்லாம் சரிபார்த்துக் கையெழுத்திடும் தாளை போர் கார்டு என்கிறோம். பெயர்ப் பொருத்தம் பிரமாதம், பாதிப் போர் அதில்தான் நடக்கிறது. உங்கள் பகுதிக்கு அந்தக் கையெழுத்து உங்களுடையது என்று மேனேஜர் எல்லோர் முன்னாலும் ஒருமுறை சொல்லட்டும். கையெழுத்து இல்லாமல் கான்கிரீட் வண்டி வராது என்று தெரிந்தால், சந்தேகம் கேட்க அந்தப் பையனைத் தேடிப் போகிறவர்கள் தாமாகவே உங்களிடம் வருவார்கள்.

மேஸ்திரி விஷயத்துக்கு வருகிறேன். முப்பது வருடம் வேலை பார்த்தவர் ஏழு மாத இன்ஜினியர் சொல்வதை உடனே கேட்க வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். அவரிடம் கற்க நிறைய இருக்கிறது. "அண்ணே, இதை ஏன் இப்படிக் கட்டுறீங்க?" என்று கேட்பதால் மரியாதை குறையாது. ஆனால் அவர் உங்களைப் பாப்பா என்று கூப்பிட்டால் அன்றைக்கே நிறுத்துங்கள். சிரித்துக்கொண்டே நிறுத்தலாம்.

என் இரண்டாவது வருடம், ஒரு பள்ளிக் கட்டடத்துக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தோம். நான் சாப்பிடப் போன இருபது நிமிடத்தில் கலவையில் தண்ணீர் சேர்த்துவிட்டார்கள். திரும்பி வந்து "என்ன மேஸ்திரி இது?" என்றேன். "எனக்கு உங்கப்பன் வயசு, எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். 28-ஆம் நாள் சோதனைக் கியூபை உடைத்தபோது வலிமை 20 வர வேண்டிய இடத்தில் 14 வந்தது. தாளில் இருந்தது என் கையெழுத்து. அவருடைய வயதை யாரும் விசாரிக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வாதம் செய்வதில்லை, ஸ்லம்ப் கூம்பைக் கொண்டுவரச் சொல்வேன். 300 மி.மீ. உயரத் தகரக் கூம்புதான். எல்லோரும் பார்க்க நிரப்பித் தூக்கினால், எவ்வளவு சரிந்தது என்று ஸ்கேல் சொல்லிவிடும். "கெட்டியா இருக்கு, பம்ப்ல ஏறாது, ரெண்டு குடம் ஊத்து" என்பார்கள். ஊற்றக் கூடாது. கான்கிரீட் பிளான்ட் ஆளைக் கூப்பிட்டு அட்மிக்சர் சேர்க்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வண்டியைத் திருப்புங்கள். ஐ.எஸ். 456 கணக்கில் 30 கன மீட்டருக்கு மூன்று மாதிரி, மாதிரிக்கு மூன்று கியூப். அச்சுகளுக்கு எண்ணெய் தடவி, தேதி எழுத மார்க்கரோடு நீங்கள் அங்கே நிற்பதைப் பார்த்தாலே பாதிப் பேர் குடத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். வடமாநிலத் தொழிலாளர்கள் இருந்தால் "பானி மத் டாலோ" என்பதையும் கற்றுவைத்துக்கொள்ளுங்கள். இன்னும் பத்து இந்திச் சொற்கள் தெரிந்தால் நடுவே மொழிபெயர்க்க யாரும் தேவைப்படாது.

கம்பியிலும் இதே கதைதான். தூணின் ரிங்கில் கொக்கி 135 டிகிரி மடங்க வேண்டும். 90-இல் நிறுத்தினால் கட்டுகிறவருக்குச் சுலபம். ஆனால் நிலநடுக்கத்தில் கம்பியை மூடிய கான்கிரீட் உதிர்ந்ததும் அந்தக் கொக்கி விரிந்துவிடும். இதை வாயால் சொன்னால் முறைப்பார். பட்டறையில் நின்று ஒரு ரிங்கை நீங்களே வளைத்துக் காட்டுங்கள். முதல் தடவை கோணலாகத்தான் வரும், சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சைட் பெண்களுக்கு ஒத்துவராது என்று யாராவது சொன்னால், தலையில் ஜல்லி சுமக்கும் சித்தாள்களைக் காட்டுங்கள். கட்டட வேலையில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், கரண்டியும் கையெழுத்தும்தான் அவர்களிடம் வரவில்லை. விதிவிலக்கும் உண்டு: கிண்டிப் பொறியியல் கல்லூரியில் 1940களில் சிவில் படித்த பி.கே. திரேசியா 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

அந்தச் சித்தாள்கள் உங்களுக்கு இன்னொரு விதத்திலும் முக்கியம். சைட்டில் கழிப்பறை இல்லை என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வாங்கிக்கொண்டவள் நான். உள்ளே தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள கழிப்பறையை இந்த வாரமே எழுதிக் கேளுங்கள். "எனக்கு" என்று எழுதாமல் "பெண் பணியாளர்களுக்கு" என்று எழுதுங்கள். சாவி உங்கள் ஒருவரிடம் மட்டும் இருந்தால் அது பாதி வெற்றிதான். சேஃப்டி ஷூ உங்கள் அளவில் ஸ்டோரில் இருக்காது, சொந்தமாக வாங்கிவிடுங்கள். மிக்சர், ஹாய்ஸ்ட் பக்கம் துப்பட்டா கூடவே கூடாது.

ராத்திரி கான்கிரீட்டை மறுக்காதீர்கள். வீட்டுக்குத் திரும்ப வண்டி வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது சலுகை இல்லை.

கடைசியாக, தலைக்கனம் வேறு, தவறான நடத்தை வேறு. உரசல், அசிங்கப் பேச்சு, ராத்திரி மெசேஜ் எல்லாம் கூம்பு வைத்துத் தீர்க்கும் விஷயங்கள் இல்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி சைட்டும் பணியிடம்தான், கம்பெனி அனுப்பும் வண்டியும் பணியிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருக்க வேண்டும், அதற்கு ஒரு பெண் தலைமை வகிக்க வேண்டும். அதைவிடச் சின்ன இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், கூட இருந்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே குறித்துவையுங்கள்.

அடுத்த கான்கிரீட் என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. தேதி தெரிந்ததும் கூம்பைக் கழுவி வையுங்கள், கியூப் அச்சுகளை எண்ணிப் பாருங்கள், திரும்பும் வண்டிக்கு முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டையும் சைட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள்.