ஐந்தா, பன்னிரண்டா, அறுபதா?
பழைய செவர்லே பிக்கப்புக்கு இன்ஜெக்‌ஷன் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

1970களின் செவர்லே சி10 பிக்கப் வண்டிகள் அமெரிக்கச் சாலைகளில் இன்னும் ஓடுகின்றன. பலவற்றில் பானட்டைத் திறந்தால் 350 கன அங்குல, அதாவது 5.7 லிட்டர் வி8 எஞ்சினும் அதன்மேல் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரும் இருக்கும். குளிர்காலக் காலையில் சோக்கோடு மல்லுக்கட்டு. கோடையில் சூடாக நிறுத்திய வண்டி மறுபடி கிளம்ப அடம். "கழற்றிப் போட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டினால் என்ன?" என்று தோன்றாத உரிமையாளர் குறைவு.

மாட்டலாம். ஆனால் எந்தப் பெட்டி அழகாக இருக்கிறது என்பதற்கு முன், அதற்குப் பெட்ரோல் எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் வர வேண்டும் என்று கேளுங்கள். அந்த எண் ஏற ஏற, வேலை எஞ்சினில் தொடங்கி டேங்க் வரை நீளும்.

முதலில் நோய் எது?

வேக்கம் ஹோஸ் வெடித்திருந்தாலும், டைமிங் தள்ளியிருந்தாலும், ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் இல்லாவிட்டாலும் பழி கார்புரேட்டர்மேல்தான் விழும். இவற்றைச் சரிபார்க்காமல் இன்ஜெக்‌ஷன் போட்டால் பழைய கோளாறு புதிய வயரிங்கோடு தொடரும்.

வழி 1: கார்புரேட்டரையே புதுப்பித்தல் (4–7 பி.எஸ்.ஐ.)

எஞ்சினோடு வந்த மெக்கானிக்கல் பம்பே போதும். குவாட்ராஜெட்டில் திராட்டில் ஷாஃப்ட் தேய்ந்த இடத்தில் காற்று நுழையும். அங்கே புஷ் போட்டு, கேஸ்கெட்டும் ஃப்ளோட்டும் மாற்றினால் பல வண்டிகள் ஒழுங்காகிவிடும். செலவு மிகக் குறைவு. நடுவழியில் நின்றாலும் ஸ்க்ரூடிரைவரோடு சமாளிக்கலாம். மலையேறுவோருக்குத்தான் சிக்கல். 1,600 மீட்டர் உயரத்து டென்வரில் காற்று மெலிந்திருக்கும். கார்புரேட்டரின் ஜெட்டுக்கு அது தெரியாது. சமவெளிக் கணக்கிலேயே பெட்ரோலை ஊற்ற, புகை கறுக்கும், இழுவை குறையும்.

வழி 2: காயலான் கடை டி.பி.ஐ. (9–13 பி.எஸ்.ஐ.)

1987 முதல் 1995 வரையிலான செவர்லே பிக்கப்களில் கம்பெனியே பொருத்திய இரண்டு இன்ஜெக்டர் கொண்ட திராட்டில் பாடி இது. அழுத்தம் குறைவு என்பதால் குழாய் வேலை கொஞ்சம் எளிது. உதிரி பாகம் ஊர்க் கடையிலேயே கிடைக்கும். உயரம் மாறினால், காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் கண்டுகொள்ளும்.

இதில் மூன்று கண்ணிகள் உண்டு. டி.பி.ஐ. மேனிஃபோல்டை அப்படியே தூக்கிப் பழைய ஹெட்டில் வைத்தால் நடு போல்ட்டுகள் உட்காராது. 1987-ல் அவற்றின் கோணத்தை மாற்றிவிட்டார்கள். பழைய மேனிஃபோல்டின்மேல் அடாப்டர் தட்டு வைப்பதே சுலபம். டைமிங்கையும் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ள, அதற்குரிய டிஸ்ட்ரிபியூட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் சிப்பில் எழுதியிருப்பது கம்பெனி கேம்ஷாஃப்ட்டுக்கான கணக்கு. பெரிய கேம் போட்டிருந்தால் சிப்பை மாற்றி எழுத ஆள் தேட வேண்டும்.

வழி 3: தானே கற்கும் கிட் (58–60 பி.எஸ்.ஐ.)

ஹோலி ஸ்நைப்பர் போன்றவை கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே உட்காரும். குவாட்ராஜெட் மேனிஃபோல்டுக்கு அடாப்டர் தேவைப்படலாம். சைலன்சர் குழாயில் வெல்டு செய்த ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டு, ஓடும்போதே பெட்ரோல் அளவைத் திருத்திக்கொள்ளும். ஆயிரம் டாலருக்கு மேல் ஆகும். மாற்றங்கள் செய்த எஞ்சினுக்கு இதுவே தோது.

இது எதை நம்புகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கசிந்தால், உள்ளே வரும் வெளிக்காற்றைப் பார்த்து "பெட்ரோல் போதவில்லை" என்று எண்ணி மேலும் மேலும் ஊற்றும். பவர் வயர் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும்; பிளக் வயர் பக்கத்தில் ஓடினால் சிக்னல் குழம்பும். பெட்டி கெட்டால் புதியது கூரியரில் வரும்வரை வண்டி ஷெட்டில்தான்.

வழி 4: எஞ்சினையே மாற்றுதல்

1999 முதல் பிக்கப்களில் வந்த 5.3 லிட்டர் வோர்டெக் எஞ்சினை வயரிங்கோடு வாங்கி இறக்குவது. மவுன்ட், எக்ஸாஸ்ட், கியர்பாக்ஸ் என எல்லாவற்றையும் தொட வேண்டும். பழைய 350 எப்படியும் இறக்கிப் பிரிக்கும் நிலையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதவை

பழைய கார்புரேட்டர் ஹோஸில் 60 பி.எஸ்.ஐ. ஏற்றினால், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் பீய்ச்சும். இன்ஜெக்‌ஷனுக்கான ஜே30ஆர்9 ஹோஸையே போடுங்கள். இன்ஜெக்‌ஷனுக்கான மின்சார பம்ப் டேங்குக்குள் இருந்தால் பெட்ரோலே அதைக் குளிர்விக்கும், சத்தமும் குறையும். மிச்ச பெட்ரோல் டேங்குக்குத் திரும்பத் தனிக் குழாய் வேண்டும். எஞ்சின் நின்றதும் பம்பும் நிற்கிறதா என்று கட்டாயம் சோதியுங்கள். கலிபோர்னியாவில் 1975 வரையிலான பெட்ரோல் வண்டிகளுக்குப் புகைச் சோதனை கிடையாது. 1976 மாடலும் அதற்குப் பிந்தியதும் என்றால், காற்று வள வாரியத்தின் அனுமதி எண் உள்ள கிட்டா என்று கேட்டே வாங்குங்கள்.

யாருக்கு எது?

வாரம் ஒருநாள் ஓட்டுபவருக்குப் புதுப்பித்த கார்புரேட்டர். மாற்றமில்லாத எஞ்சினைத் தினமும் ஓட்டி, சொந்தக் கையால் வேலை பார்ப்பவருக்கு டி.பி.ஐ. பெரிய கேம், மலைப் பாதை, கையில் காசு மூன்றும் இருப்பவருக்குக் கிட்.

எதற்கும் பணம் கட்டுமுன் டார்ச்சோடு வண்டிக்கு அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். டேங்க் துருவும் வெடித்த ஹோஸும் கண்ணில் பட்டால், முதல் செலவு அங்கேதான்.