இரவுக்குறியும் புதையல் தேடலும்

குறி என்னுஞ் சொல் தமிழிற் பல பொருளுடையது. அடையாளமும் குறி; அடையாளத்தால் அறியப்படும் இடமும் குறி. அகப்பொருள் நூலார் தலைவனுந் தலைவியுங் களவிற் சந்தித்தற்கு வரையறுத்த இடத்தைப் பகற்குறி, இரவுக்குறி என இருவகைப்படுத்தினர். குறித்த இடத்தை இருளில் நாடிச் சேர்தல் இக்காலத்தே ஒரு விளையாட்டாகவும் வளர்ந்துளது. அதனை ஜியோகேஷிங் என்பர். அவ்விளையாட்டை நம் கரிசற் சீமையில் ஆடப் புகுவார் அறியற்பாலன சிலவற்றை ஈண்டு ஆராய்வாம்.

வழிகாட்டும் செயற்கைக் கோள்களின் குறிப்பைப் பொதுமக்கள் துல்லியமாய்ப் பெறாதவாறு அமெரிக்க அரசு விதித்திருந்த தடை 2000-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் நீங்கிற்று. மறுநாளே டேவ் உல்மர் என்பார் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியைப் பொருள்களுடன் மறைத்து, அவ்விடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை வெளியிட்டார். கண்டவர் ஒன்றை எடுத்து ஒன்றை வைத்து, உள்ளிருக்கும் ஏட்டில் பெயர் எழுதல் வேண்டும் என்பதே விதி. இரவில் ஆடுவோர்க்கு மரங்களில் ஒளிதிருப்பும் சிறு ஆணிகளைப் பதித்து வைப்பர். கைவிளக்கின் ஒளி படுங்கால் அவை மின்னி வழிகாட்டும்.

இவ்விளையாட்டில் இடத்தைக் கலையின் ஆயிரத்தில் ஒரு கூறு வரை எழுதுவர். அக்கூறு நிலத்தில் ஏறத்தாழ 1.85 மீட்டர். ஆயினும், ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்துக் கோள்களைக் கேட்டு இடமறியும் கைப்பொறியோ சில மீட்டர் பிழைபடும். மரச்செறிவில் பிழை இன்னும் மிகும். ஆகவே, இறுதிப் பத்தடியைக் கண்ணும் கருத்துமே கடத்தல் வேண்டும்.

ஈண்டுத்தான் நம் இலக்கணம் துணைசெய்கின்றது. தலைவன் செய்யும் ஒலிக்குறி வேறு காரணத்தால் தானே நிகழ, அதனை நம்பிச் சென்ற தலைவி வறிதே மீள்வதை அல்லகுறிப்படுதல் என்றனர். விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூர்ப் பக்கத்தில் அடர்கானகம் இல்லை. உடைமரமும் பனையும் சீமைக்கருவேலுமே உள. எருவுக்காகப் புன்செயிற் கிடை மறித்த ஆடுகளின் கண்கள் விளக்கொளியிற் பளிச்சிடும். எறியப்பட்ட கண்ணாடித் துண்டும் அவ்வாறே. இவை அல்லகுறிகள். ஒரு மினுக்கத்தைக் கண்டு ஓடாது, குறித்த எண்ணொடும் திசையொடும் ஒத்துப் பார்த்தலே அறிவுடைமை.

இரவுக்குறிக்கண் தலைவன் வரும் வழியின் ஏதத்தை எண்ணித் தலைவியும் தோழியும் அஞ்சுவர். அவ்வச்சம் நமக்கும் வேண்டுவதே. பொறி இரு புள்ளிகளிடை நேர்கோடு காட்டும். இடையிற் கிடக்கும் கைப்பிடிச் சுவரில்லாக் கிணற்றை அது அறியாது. கோடையிற் கரிசல் பாளம் பாளமாய் வெடிக்கும், மழையில் காலைப் பற்றி விடாது, கருவேல முள் செருப்பையும் துளைக்கும், பாம்பும் உலவும். வண்டிப்பாதை வளைந்து செல்வது வீணன்று. ஆதலின், பகலில் ஒருமுறை நடந்து பார்த்த வழியிலேயே, துணையோடு செல்க. பொறி ஓய்ந்துவிடின், வடக்கே அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 9 பாகையில், நீட்டிய கையின் முட்டியளவினும் சற்றுத் தாழ, துருவமீன் நிற்றலை நினைக.

இன்னும் ஒன்றுண்டு. கரிசல் மக்கள் விளைநிலத்தையே காடு என்பர். மேனாட்டுக் காட்டிற்கு எழுந்த விளையாட்டு இங்கே ஒருவர் உழுது விதைத்த பருத்திக்காட்டினுள் நுழைகின்றது. நிலத்திற் புதைந்த பொக்கிஷத்தைக் கண்டவன் தனக்குண்டான யாவற்றையும் விற்று அந்நிலத்தையே கொண்டான் என்பது நம் ஆண்டவர் உரைத்த உவமை. பரலோக ராச்சியத்தின் பெருமதிப்பை உணர்த்துவதே அதன் கருத்து. எனினும், அவன் பொருளை இரவோடு இரவாகக் கவர்ந்து செல்லவில்லை என்பதும் நோக்கத்தக்கது. நாமும் நிலத்துக்குரியாரிடம் முன்னரே இசைவு பெற்று, முளைத்த பயிரை மிதியாது வரப்பின்வழிச் செல்வோமாக. இடத்தின் எண்ணைப் பொறி சொல்லும். இடத்தை அறிந்தாரோ அவ்வூராரே. அவர்பாற் கேட்டறிதலே இத்தேடலின் முதற்படி.