காட்டிடைப் பாசறை

பாசறை என்னுஞ் சொல் நமக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய முல்லைப்பாட்டிலே, காட்டை வெட்டித் திருத்தி முள்மதில் சூழ அமைத்த பாசறையொன்றைக் காண்கின்றோம். அது போரின்பொருட்டு எழுந்தது. ஆயரும் வேடுவரும் வணிகரும் பண்டுதொட்டே வெட்டவெளியில் இராத் தங்கினர். அதுவும் தேவைபற்றியேயன்றி விருப்பம்பற்றியன்று. வீடிருக்க அதனை விடுத்து, மகிழ்ச்சி கருதிக் காட்டிலே தங்கும் வழக்கம் மேனாட்டு நகரங்களை ஆலைப்புகை சூழ்ந்த பின்னரே பரவலாயிற்று.

இலண்டன் தையற்காரரான தோமஸ் ஹைராம் ஹோல்டிங் என்பார், சிறுவராயிருந்தபோது 1853 இல் பெற்றோருடன் அமெரிக்கப் புல்வெளிகளை வண்டித்தொடரிற் கடந்தவர். பின்னாளில் அவர் துவிச்சக்கர வண்டியில் எடுத்துச் செல்லத்தக்க சிறு கூடாரத்தை அமைத்தார். 1901 இல் துவிச்சக்கர வண்டிப் பாசறையாளர் சங்கத்தை நிறுவினார். 1908 இல் பாசறையாளர்க்கொரு கைந்நூலும் வெளியிட்டார்.

பாசறையைச் சிறுவர் கல்வியாக்கிப் பரப்பியவர் பேடன் பவல். 1907 ஆகஸ்டு மாதத்தில், இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிரவுன்சித் தீவிலே ஏறத்தாழ இருபது சிறுவரைக் கூட்டினார். செல்வர் பள்ளிகளிற் பயின்றோரும் தொழிலாளர் மைந்தரும் நான்கு அணிகளாகக் கலந்து உறைந்தனர். அங்கு முளைத்த சாரணீயம் 1912 இல் மாத்தளையில் வேரூன்றி, இலங்கையெங்கும் பரவியது.

பாசறையின் கவர்ச்சி யாது? வீட்டிலே குழாயைத் திருகினால் நீர் வரும். காட்டிலே குடஞ்சுமந்தவனே நீரின் அருமையறிவான். விறகை மூடிவைக்க ஒருவன் மறந்தால், மழை பெய்த இரவில் அனைவரும் பசித்திருப்பர். பொறுப்பு என்பதனை இதனினும் தெளிவாக எந்நூலும் கற்பியாது. ஒரு பானைச் சோற்றைப் பகிர்ந்துண்ணுமிடத்து, இன்னான் மகன் என்னும் வினாவுக்கு இடமேது? வகுப்பறையில் யாம் பன்முறை எடுத்துரைத்தும் உள்ளத்திற் பதியாத சமத்துவம், அடுப்படியில் ஓரிரவிலே பதிந்துவிடுகின்றது.

புள்ளிகளையே நோக்கிப் பொழுதெல்லாம் தனிவகுப்புகளுக்கு ஓடும் இற்றை மாணவர்க்கு, இப்பயிற்சி மிகையன்று, இன்றியமையாதது. தீயை நீரூற்றி அவித்து, குப்பை ஒன்றும் எஞ்சாமல் இடத்தை முன்போலவே விட்டு மீள்பவன், நாட்டையும் அவ்வாறே பேணுவான். பழைய மாணவர்காள்! ஆண்டுக்கு ஒரு பாசறையேனும் நம் மாணவர்க்குக் கிட்ட நீவிர் துணைநிற்பீராக.