ஐந்து பயணிகளில் நிற்கும் லாபம்

பாசிர் ரிஸ் பூங்காவின் கடற்கரையில் ஒரு மாலைப் பொழுது நின்று கிழக்குப் பக்கம் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் வடக்கிலிருந்து தாழ்ந்து வந்து சாங்கியில் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் காற்று திசை மாறியதும் அதே பக்கத்தில் அவை எழும்பிப் போவதைக் காணலாம். விமானம் காற்றை எதிர்கொண்டுதான் ஏறும், இறங்கும். இந்தப் பேட்டையில் வளர்ந்த பிள்ளைகள் வாலில் உள்ள சின்னத்தைப் பார்த்தே எந்த நிறுவனத்தின் விமானம் என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அது இன்று லாபத்தில் பறக்கிறதா, இழப்பில் பறக்கிறதா? அதை வால் சொல்லாது. உள்ளே இருக்கும் தலைகளை எண்ண வேண்டும்.

ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் கற்பனை, விகிதம் மட்டும் உண்மைக்கு நெருக்கமானது. ஒரு விமானத்தில் 180 இருக்கைகள். ஒருமுறை பறக்க ஆகும் மொத்தச் செலவு 27,000 வெள்ளி. சராசரிக் கட்டணம் 180 வெள்ளி. 27,000ஐ 180ஆல் வகுத்தால் 150. அதாவது முதல் 150 பயணிகள் கொடுக்கும் பணம் முழுவதும் எரிபொருள், சம்பளம், விமான வாடகை, தரையிறங்கும் கட்டணம் என்று போய்விடும். நிறுவனத்துக்கு மிஞ்சுவது 151வது பயணியிலிருந்துதான். 155 பேர் ஏறினால் 900 வெள்ளி லாபம். 145 பேர் ஏறினால் 900 வெள்ளி இழப்பு. இரண்டுக்கும் இடையே வெறும் பத்துப் பேர்!

அந்த 900 வெள்ளியை 155 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்கு 6 வெள்ளிகூட வராது. இது மிகைப்படுத்தல் அல்ல. உலக விமான நிறுவனங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், நல்ல ஆண்டுகளிலேயே ஒரு பயணிக்குச் சில அமெரிக்க டாலர்தான் நிகர லாபம்.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. தேக்காவில் பூக்கடைக்காரர் இரவு கடையடைக்கும் நேரத்தில் மல்லிகைச் சரத்தை விலை குறைத்துக் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு அந்தப் பூ வாடிவிடும். விமான இருக்கை அதைவிட மோசம். கதவு மூடிய நொடியில் காலி இருக்கையின் மதிப்பு சுழியம். ஆளில்லை என்பதற்காக விமானியின் சம்பளம் குறையாது, எரிபொருளும் சிறிதளவுதான் குறையும். அதனால்தான் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கைகளுக்கு வெவ்வேறு விலை. முன்கூட்டியே திட்டமிடும் குடும்பத்துக்கு ஒரு விலை, நாளைக் காலைக் கூட்டத்துக்கு ஓடும் வணிகருக்கு வேறு விலை.

ஒரே தாய், இரண்டு பிள்ளைகள்

எல்லாருக்கும் கணக்கு ஒன்றுதான் என்றால், சிலர் மட்டும் ஏன் தழைக்கிறார்கள்? நம் வட்டாரத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. 1947ல் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ் பின்னர் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று பெயர் மாறியது. 1972ல் அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், மற்றொன்று மலேசிய விமான நிறுவனம்.

அப்போது பார்த்தவர்கள் மலேசியாவுக்கே நல்ல பங்கு கிடைத்தது என்று நினைத்திருக்கலாம். அதற்கு உள்நாட்டுப் பாதைகள் இருந்தன. சிங்கப்பூருக்கு ஒன்றுமில்லை. பாசிர் ரிஸிலிருந்து ஜூரோங்குக்கு யார் விமானத்தில் போவார்? ஆனால் அந்த இல்லாமைதான் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போக்கை முடிவு செய்தது. முதல் நாளிலிருந்தே வெளிநாட்டு வானில், வெளிநாட்டு நிறுவனங்களோடு போட்டியிட்டாக வேண்டும். அரசாங்கமும், நிறுவனம் தன் காலில் நிற்காவிட்டால் மூடப்படும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. இந்த ஊரில் இருக்கும் மக்களை மட்டும் நம்பினால் விமானம் நிறையாது. அதனால் சிட்னியிலிருந்து லண்டனுக்குப் போகிறவரையும் இங்கே இறங்கி மாறி ஏற வைத்தார்கள். 1981ல் திறக்கப்பட்ட சாங்கி விமான நிலையம் அதற்குத் தோதாக அமைந்தது.

மலேசிய நிறுவனத்துக்குச் சுமை வேறு. சாபா, சரவாக் உட்புற ஊர்களுக்குப் பறப்பது மக்களுக்குத் தேவையான சேவை. அங்கே லாபம் குறைவு, கட்டணத்தையும் நினைத்தபடி உயர்த்த முடியாது. 1994ல் அதன் கட்டுப்பாடு ஒரு தொழிலதிபரிடம் போனது. சில ஆண்டுகளில் அரசாங்கமே அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 2001 டிசம்பரில் டோனி ஃபெர்னாண்டஸ் குழுவினர் கடனில் தவித்த ஏர்ஏஷியாவை 1 ரிங்கிட்டுக்கு வாங்கி, அதை மலிவுக் கட்டண நிறுவனமாக்கினார்கள். உள்நாட்டுப் பயணிகள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். ஏற்கெனவே தள்ளாடிய நிலையில், 2014ல் எம்எச்370, எம்எச்17 என்ற இரண்டு பெருந்துயரங்கள். அதே ஆண்டு அரசாங்க முதலீட்டு நிறுவனமான கஸானா அதை முழுமையாக எடுத்துக்கொண்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். மேலாளர்கள் சோம்பேறிகள் என்று சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. பொதுச்சேவையும் லாபமும் ஒரே தோளில் ஏறியதுதான் அங்கே பெரிய சிக்கல் என்று எனக்குத் தோன்றுகிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சறுக்காமல் இல்லை. 2000ல் சுமார் 60 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய வர்ஜின் அட்லாண்டிக்கின் 49 விழுக்காட்டுப் பங்கை, பின்னர் டெல்டா நிறுவனத்திடம் 36 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றது. பவுண்டின் மதிப்பு டாலரைவிடக் கூடுதல் என்பதால், பாதிக்கும் மேல் போய்விட்டது.

இயற்பியல் எழுதிய லாபக் கணக்கு

இனி அறிவியலுக்கு வருவோம். பல நிறுவனங்களுக்கு மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை எரிபொருளுக்கே போகிறது. நெடுந்தொலைவுப் பயணத்தில் இது இன்னும் கடுமை. ஏனென்றால் விமானம் எரிபொருளைச் சுமப்பதற்கும் எரிபொருளை எரிக்கிறது. கூடுதலாக ஏற்றும் எடையில் ஏறத்தாழ 3 முதல் 4 விழுக்காடு எடைக்குச் சமமான எரிபொருள் ஒவ்வொரு மணி நேரமும் செலவாகும் என்பது விமானத் துறையில் உள்ள தோராயக் கணக்கு. 10 மணி நேரப் பயணத்துக்கு 1 டன் கூடுதலாக ஏற்றினால் 300 முதல் 400 கிலோ எரிபொருள் அதைத் தூக்கிச் செல்வதற்கே தீரும்.

2004ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் நியூயார்க் அருகிலுள்ள நுவார்க்குக்கு இடைநில்லாச் சேவையைத் தொடங்கியது. 15,000 கிலோமீட்டருக்கும் மேல், 18 மணி நேரத்தை ஒட்டிய பயணம். பயன்பட்டது நான்கு இயந்திரங்கள் கொண்ட ஏர்பஸ் ஏ340-500. அதன் தொட்டிகளில் 2 லட்சம் லிட்டருக்கும் மேல் பிடிக்கும். எரிபொருள் விலை ஏறியது. 2008ல் இருக்கைகளை 100 ஆகக் குறைத்து, எல்லாவற்றையும் உயர்வகுப்பு ஆக்கிப் பார்த்தார்கள். கட்டுப்படியாகவில்லை. 2013ல் சேவை நின்றது.

2018 அக்டோபரில் அதே பாதை மீண்டும் தொடங்கியது. இம்முறை ஏ350-900 விமானத்தின் நெடுந்தொலைவு வகை. இயந்திரங்கள் இரண்டே, தொட்டியின் கொள்ளளவு 1,65,000 லிட்டர், இருக்கைகளோ 161. பாதி இயந்திரங்களோடு கூடுதல் பயணிகள்!

இதில் பெரும்பங்கு இயந்திரத்தின் முகப்பில் சுழலும் விசிறிக்கு உண்டு. பழைய விமானத்தில் அதன் விட்டம் 2.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. புதியதில் 3 மீட்டர்; உங்கள் வீவக வீட்டுக் கூரையைவிட உயரம். ஏன் பெரிய விசிறி? உந்தம் என்பது நிறை பெருக்கல் வேகம். இயக்க ஆற்றல் என்பது நிறை பெருக்கல் வேகத்தின் வர்க்கம், அதில் பாதி. 1 கிலோ காற்றை நொடிக்கு 4 மீட்டர் வேகத்தில் பின்னே தள்ளினால் உந்தம் 4, ஆற்றல் 8. 2 கிலோ காற்றை 2 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் உந்தம் அதே 4தான். ஆற்றல் வெறும் 4. விமானத்தை முன்னே தள்ளுவது உந்தம். எரிபொருளைத் தின்பது ஆற்றல். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுவதே சிக்கனம். இதோடு, உலோகத்துக்குப் பதிலாகக் கரிமநார்க் கூட்டுப்பொருளால் செய்த உடலும் இறக்கையும் எடையைக் குறைத்தன. புதிய விமானங்களுக்குப் பெரும்பணம் கொடுத்து, பழையவற்றைச் சீக்கிரமே விற்றுவிடும் பழக்கம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு உண்டு. அது ஆடம்பரமல்ல.

மலிவுக் கட்டண நிறுவனங்கள் மிச்சம் பிடிப்பது நேரத்தில். தரையில் நிற்கும் விமானத்துக்கும் வாடகை ஓடும். இந்தியாவின் இண்டிகோ 2006ல் ஏ320 என்ற ஒரே வகை விமானத்தோடு தொடங்கிப் பல்லாண்டு அதையே வைத்திருந்தது. எந்த விமானியும் எந்த விமானத்தையும் ஓட்டலாம், ஒரே வகை உதிரிப்பாகம் போதும். அதற்கு ஓராண்டு முன்னால், 2005ல் தொடங்கிய கிங்ஃபிஷர் உயர்தரச் சேவை தந்தது. பிறகு மலிவுக் கட்டண ஏர் டெக்கானையும் வாங்கிச் சேர்த்தது. பெரியதும் சிறியதுமாகப் பல வகை விமானங்கள், அவற்றோடு கடன். 2012ல் பறப்பதை நிறுத்தியது.

2020ல் பாசிர் ரிஸ் வானம் அமைதியானதைப் பெற்றோரிடம் கேட்டுப் பாருங்கள். விமான நிலையத்தை நம்பிச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் இங்கும் தெம்பனிஸிலும் உண்டு; அவர்களுக்கு அந்த அமைதி அச்சமாக இருந்தது. கொவிட்-19 காலத்தில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் இருக்கை அளவை 96 விழுக்காடு குறைத்தது. விமானங்கள் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் நிறுத்தப்பட்டன. 2021 மார்ச்சில் முடிந்த நிதியாண்டில் இழப்பு 4.27 பில்லியன் வெள்ளி. நான் மேலே சொன்ன எந்தச் சிக்கனமும் அதைத் தாங்கியிருக்காது. தாங்கியது, பெரும்பங்குதாரரான தெமாசெக் பின்னால் நிற்க, பங்குதாரர்களிடமிருந்து திரட்டிய பணம். முதல் தவணையே 8.8 பில்லியன் வெள்ளி. அப்படிப்பட்ட தோள் இல்லாத நோக்ஸ்கூட் என்ற தாய்லாந்துக் கூட்டு நிறுவனம் அதே ஆண்டு மூடப்பட்டது. எல்லைகள் திறந்தபோது விமானமும் ஊழியரும் தயாராக இருந்ததால், 2023/24ல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் குழுமம் சுமார் 2.7 பில்லியன் வெள்ளி லாபம் கண்டது.

இப்போது நம் கற்பனை விமானத்துக்குத் திரும்புங்கள். 27,000 வெள்ளிச் செலவில் எரிபொருளின் பங்கு 30 விழுக்காடு என்று வையுங்கள். எரிபொருள் விலை 20 விழுக்காடு ஏறுகிறது. இனி எத்தனை பயணிகள் ஏறினால் கணக்கு நேராகும்? 159 என்று வந்தால் உங்கள் விடை சரி. ஆனால் வருவது அதே 155 பேர். கட்டணத்தை 10 வெள்ளி உயர்த்துகிறீர்கள். அதனால் ஆறு பேர் பக்கத்து நிறுவனத்துக்குப் போய்விடுகிறார்கள். லாபமா, இழப்பா? எத்தனை பேர் போயிருந்தால் தப்பித்திருப்பீர்கள்?