ஒலிக்கும் உரியவர் உண்டு

குறும்படத்தில் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒலி பொருந்தாவிட்டால் பார்ப்பவர் மனம் அதில் ஒன்றாது. அதனால், மாணவர்கள் பலர் இணையத்தில் ஒலிகளைத் தேடுகின்றனர். ஆனால், இணையத்தில் இருப்பவை எல்லாம் பொதுச்சொத்து அல்ல. புகழ்பெற்ற பாடலை அனுமதியின்றிச் சேர்த்த படத்தை இணையத்தில் ஏற்றினால், அதன் ஒலி முடக்கப்படலாம், படமே நீக்கப்படலாம். பல வார உழைப்பு வீணாகும்.

இதற்கு வழி உண்டு. 2005ஆம் ஆண்டு, ஸ்பெயினின் பார்சலோனா நகரிலுள்ள பொம்பேவு ஃபாப்ரா பல்கலைக்கழகம் ‘ஃப்ரீசவுண்ட்’ என்னும் ஒலிக் களஞ்சியத்தைத் தொடங்கியது. உலகெங்கும் உள்ளவர்கள் தாங்கள் பதிவுசெய்த ஒலிகளை அதில் பகிர்கின்றனர். ஒவ்வோர் ஒலிக்கும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமம் குறிக்கப்பட்டிருக்கும். சில ஒலிகளை நிபந்தனையின்றிப் பயன்படுத்தலாம். சிலவற்றுக்குப் பதிவுசெய்தவரின் பெயரைக் குறிப்பிட வேண்டும். வேறு சிலவற்றை வணிக நோக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது.

ஆகவே, ஒலியைப் பதிவிறக்கம் செய்யும்போதே அதன் தலைப்பு, பதிவுசெய்தவர் பெயர், உரிமம், இணைய முகவரி ஆகிய நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். படத்தின் முடிவில் அவற்றை இடம்பெறச் செய்யுங்கள்.

பெறுவதோடு நின்றுவிடாமல் கொடுக்கவும் பழகுவோம். உணவங்காடியில் தேநீர் ஆற்றும் ஓசையைத் திறன்பேசியில் பதிவுசெய்து நீங்களும் பகிரலாம். எங்கோ ஒரு மாணவரின் படத்தில் அது ஒலிக்கக்கூடும். அப்படத்தின் முடிவில் உங்கள் பெயரும் இடம்பெறக்கூடும்.